எக்கோ, எக்ஸ்ரே நார்மல். இளைப்பு மட்டும் போகல. அடுத்து எதைப் பார்க்கணும்?

முக்கூடல்காரன்:
அம்மாவுக்கு வயசு 54. எட்டு மாசமா படி ஏறினா, குடம் தூக்கினா மூச்சு இளைக்குது. ராத்திரி வறட்டு இருமல். ஈசிஜி, எக்கோ, நெஞ்சு எக்ஸ்ரே மூணும் நார்மல், ஆக்சிஜன் 98. "மனசுதான் காரணம்"னு சொல்லிட்டாங்க. பீடி சுத்துற வேலை, வீட்டுல விறகடுப்பு. வேற என்ன பார்க்கலாம்?

பாளைவாசி:
அண்ணாச்சி, அந்த மூணும் அசையாம இருக்கையில எடுத்தது. இளைப்பு வர்றது படியில. ஆஸ்துமா இருந்தாலும் எக்ஸ்ரே சுத்தமா இருக்கலாம்.

முதல்ல சல்லிசான ரத்தப் பரிசோதனை: ஹீமோகுளோபின், தைராய்டு, ஈசினோஃபில் (ஒவ்வாமை, புழு இருந்தா கூடுற வெள்ளணு) எண்ணிக்கை. ஹீமோகுளோபின் 8, 9னு இருந்தா படியில இளைக்கத்தான் செய்யும், ஆக்சிமீட்டர் அப்பவும் 98தான் காட்டும். இருக்கிற ஹீமோகுளோபின்ல எத்தனை சதம் ஆக்சிஜன் ஏறியிருக்குன்னுதான் அது சொல்லும். ரத்தம் குறைஞ்சது அதுக்குத் தெரியாது.

ஈசினோஃபில் 3000ஐத் தாண்டி ராத்திரி இருமலும் இருந்தா, யானைக்கால் புழுவால வர்ற டிராபிகல் ஈசினோஃபிலியாவையும் டாக்டர்கிட்ட கேளுங்க. டிஇசிங்கிற யானைக்கால் மாத்திரைக்குக் கேட்கும், எடைக்குத் தக்க அளவை அவர்தான் எழுதணும்.

அடுத்தது ஸ்பைரோமெட்ரி, அதாவது குழாயில வேகமா ஊதி நுரையீரல் திறனைப் பார்க்கிற சோதனை. இன்ஹேலர் மருந்து இழுக்கிறதுக்கு முன்னாடி ஒருதரம், இழுத்து 15 நிமிஷம் கழிச்சு ஒருதரம். எஃப்இவி1 (முதல் விநாடியில ஊதுற காத்து) அளவு 12 சதமும் 200 மில்லியும் கூடினா ஆஸ்துமாவுக்கு வலுவான அடையாளம். உதட்டோரம் காத்து கசிஞ்சாலோ, மூச்சு தீர்ற வரைக்கும் ஊதாம பாதியில விட்டாலோ அந்த ரிப்போர்ட்டை நம்ப முடியாது.

கடையத்தான்:
அன்னைக்கு ஸ்பைரோமெட்ரி நார்மலா வந்துட்டா ஆஸ்துமா இல்லன்னு முடிவு கட்டாதீங்க. பீக் ஃப்ளோ மீட்டர் (எவ்வளவு வேகமா ஊத முடியுதுன்னு காட்டுற சின்னக் கருவி) வாங்கி ரெண்டு வாரம் காலையும் சாயந்தரமும் நின்னுக்கிட்டு ஊதச் சொல்லுங்க. மூணு ஊதல்ல பெரிய எண்ணை மட்டும் எழுதணும், சராசரி வேண்டாம். பீடி சுத்துன நாள் எது, சுத்தாத நாள் எதுன்னு பக்கத்துலயே குறிங்க. வேலை நாள்ல மட்டும் எண் இறங்கினா புகையிலைத் தூளைச் சந்தேகப்படணும்.

டாக்டர் சம்மதிச்சா 6 நிமிஷம் சமதரையில நடக்க வச்சு ஆக்சிமீட்டரைப் பாருங்க. மருதாணி, நகப்பாலிஷ் இல்லாத விரல்ல மாட்டுங்க. 98ல இருந்து 94க்கோ அதுக்குக் கீழயோ இறங்கினா, நுரையீரலுக்கு ஹெச்ஆர்சிடி (நுணுக்கமான சிடி ஸ்கேன்), டிஎல்சிஓ (நுரையீரல்ல இருந்து ரத்தத்துக்கு வாயு எப்படிப் போகுதுன்னு பார்க்கிற சோதனை) தேவையான்னு கேட்கணும்.

சீவலப்பேரி:
மனசுங்கிறதையும் ஒரேயடியாத் தள்ளாதீங்க. ஆனா அதுக்கும் அடையாளம் வேணும்: அடிக்கடி பெருமூச்சு, விரல் நுனி மரத்துப்போறது. அதுக்குப் பிசியோதெரபியில மூச்சுப் பயிற்சி உண்டு. "ஒண்ணுமில்ல"ங்கிறது வைத்தியம் இல்ல. காகிதப் பையில மூச்சு விடச் சொல்றவங்க பேச்சைக் கேட்காதீங்க, ஆபத்து.

இளைக்கும்போது முன்னால சாஞ்சு, முழங்கையைத் தொடையில ஊன்றி உட்காரணும். மூக்கால ரெண்டு எண்ணி இழுத்து, உதட்டைக் குவிச்சு நாலு எண்ணி விடணும். முகத்துல காத்து பட்டா இளைப்பு உணர்வு குறையும். பனையோலை விசிறி போதும், ஆனா வேற ஆள் வீசணும். அவங்களே வீசினா கை வேலையிலயே இன்னும் இளைக்கும். தூளைச் சொளவுல உதறுறதையும் விறகடுப்பையும் வீட்டுக்கு வெளிய கொண்டு போங்க.

திடீர் இளைப்போட நெஞ்சுவலி, ஒத்தைக் கால் வீக்கம், சளியில ரத்தம், உதடு நீலம் இதுல எது வந்தாலும் 108தான்.

முக்கூடல்காரன்:
நன்றி. இளைப்புக்கு சால்புட்டமால் இன்ஹேலர் குடுத்திருக்காங்க. ஸ்பைரோமெட்ரி அன்னைக்கு அதை இழுக்கலாமா?

பாளைவாசி:
4 மணி நேரம் முன்னாடியே நிறுத்துங்க. தாங்க முடியலன்னா இழுக்கட்டும். எத்தனை மணிக்கு இழுத்தாங்கன்னு ஊத வைக்கிறவர்கிட்ட சொல்லிருங்க.