பறப்பிழப்பு: அரிவாள் மூக்கன்களை முன்வைத்து ஒரு பரிந்துரை

நண்பர்களுக்கு வணக்கம்.

பறந்த முன்னோரின் வழிவந்த இனம் பறக்கும் திறனை இழப்பதை ஆங்கிலத்தில் 'secondary flightlessness' என்பார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல் என்ற பேச்சில், 'பறக்காப் பறவை' என்றே வைத்துக்கொள்ளலாம் என்கிறீர்கள். பொதுப்பேச்சுக்குச் சரி. ஆனால் முன்னோர் பறந்தன, வழிவந்தவை அந்தத் திறனை இழந்தன என்ற வரலாறு அதில் இல்லை. 'பறப்பிழப்பு' என்றால் அது சொல்லிலேயே வந்துவிடும். 'இரண்டாம்நிலை' (secondary) என்று முன்னொட்டும் வேண்டியதில்லை.

அரிவாள் மூக்கன்களையே (ibis, நீண்டு வளைந்த அலகுள்ள பறவைகள்) எடுத்துக்கொள்வோம். இன்று வாழும் வெள்ளை அரிவாள் மூக்கன் கழுத்தை நீட்டிக்கொண்டு கூட்டமாக நன்றாகவே பறக்கிறது. இந்தியப் பெருங்கடலின் ரீயூனியன் தீவில் வாழ்ந்து 18ஆம் நூற்றாண்டில் அழிந்த 'சொலித்தேர்' (solitaire) என்ற பறவையும் இதே பேரினம்தான். நெடுங்காலம் அதை, மொரீசியஸில் அழிந்துபோன பறக்காத பறவையான டோடோவின் உறவு என்று நம்பினார்கள். 1995இல்தான் எலும்புகளைக் கொண்டு அரிவாள் மூக்கன் வகை என்று காட்டினார்கள். வெள்ளை உடல், சிறகு நுனியும் வாலும் கறுப்பு, ஓடித் துரத்திப் பிடித்துவிடலாம், மிகக் கொஞ்சமே பறக்கும் என்று 1674இல் வெளியான துபுவா என்ற பிரெஞ்சுப் பயணியின் குறிப்பு சொல்கிறது. கொஞ்சம் பறந்த பறவையை எப்படிப் 'பறக்காப் பறவை' என்பது? இதற்குப் 'பறப்புக் குன்றிய' என்பது பொருந்தும். குன்றல், பிறகு இழப்பு என்று படிகளைக் காட்டவும் வசதி.

அப்புறம், 'சிறகிலி' என்ற யோசனை. இதை நான் உறுதியாக மறுக்கிறேன். ஜமைக்காவில் வாழ்ந்து அழிந்த ஸெனிசிபிஸ் என்ற அரிவாள் மூக்கனைப் பாருங்கள். அதனால் பறக்க முடியாது. ஆனால் சிறகு சுருங்கி மறைந்துவிடவில்லை. கையெலும்பு நீண்டு, தடித்து, வளைந்து ஒரு தடி மாதிரி ஆகியிருக்கிறது. அடித்துச் சண்டை போடப் பயன்பட்டிருக்கும் என்று 2011இல் ஆய்வாளர்கள் விளக்கினார்கள். எனக்கு இந்த எலும்பு பெரிய வியப்பு. பறப்பு போய், அதே உறுப்பு ஆயுதமாகியிருக்கிறது! இதைச் 'சிறகிலி' என்றால் அந்தப் பறவையின் ஆகச் சிறப்பான உறுப்பையே இல்லை என்று சொன்னதாகிவிடும்.

'இழப்பு' குறையைச் சுட்டுகிறதே என்ற தயக்கமும் எனக்குப் புரிகிறது. இழந்தது பறப்பை மட்டும்தான் என்பதைச் சொல்லின் முன்பாதி தெளிவாக்கிவிடுகிறது. தரையில் வேட்டையாடும் பாலூட்டிகள் இல்லாத தீவில், பறப்புத் தசைகளுக்கு ஆகும் செலவு மிச்சம்.

ஆகவே நிகழ்வுக்குப் 'பறப்பிழப்பு', இனத்துக்குப் 'பறப்பிழந்த', இடைநிலைக்குப் 'பறப்புக் குன்றிய'. தெள்ளுப்பூச்சி போலச் சிறகே போய்விட்ட பூச்சிகளுக்குச் 'சிறகிழப்பு' என்பதைத் தனியாக ஒதுக்கிவைப்போம். இரண்டையும் கலக்க வேண்டாம்.