கையேட்டில் உள்ளபடி செய்தும் ஏபிஐ சாவியைக் கருவி ஏற்கவில்லை, உதவி தேவை (அவசரம்)

மல்லிகைத்தெரு | காலை 10.12
வணக்கம் நண்பர்களே. ஏஐ மாடல்களைப் பயன்படுத்த எங்கள் குழுவில் பைத்தானில் ஒரு சின்ன கமாண்ட் லைன் கருவி எழுதி வைத்திருக்கிறோம். அதில் ஏபிஐ சாவியை (ஏஐ சேவைக்கு நம் கணக்கை அடையாளம் காட்டும் ரகசியக் குறியீடு) சேர்ப்பது எப்படி என்று தமிழில் கையேடு எழுதியது நான்தான். என் லேப்டாப்பில் நன்றாக ஓடுகிறது. புதிதாகச் சேர்ந்த மூன்று பேருக்கும் ஓடவில்லை. மதியம் 2 மணிக்குப் பயிற்சி வகுப்பு. யாராவது சீக்கிரம் சொல்லுங்கள்.

வைகைக்கரை | 10.20
எந்த ஓஎஸ், எந்த ஷெல் (கமாண்டுகளை வாங்கி ஓட்டும் நிரல்)? சாவியை என்வ் (.env) கோப்பில் வைக்கச் சொன்னீர்களா, ஷெல்லிலேயே எக்ஸ்போர்ட் கமாண்டால் ஒரு மாறியில் வைக்கச் சொன்னீர்களா? என்ன பிழை வருகிறது? ‘ஓடவில்லை’ என்பதை மட்டும் வைத்து என்ன சொல்வது?

கருப்பட்டி | 10.24
முதலில் கணக்கில் பணம் இருக்கிறதா பாருங்கள். சாட்ஜிபிடி பிளஸ் சந்தா கட்டியிருந்தாலும் ஏபிஐக்குத் தனியாகத்தான் கட்ட வேண்டும். நானே இதில் ஒரு நாள் முழுக்கத் திண்டாடியிருக்கிறேன்.

வைகைக்கரை | 10.27
பணம்தான் பிரச்சினை என்றால் அவருக்கும் ஓடக்கூடாதே? ஒரே கணக்குதானா என்று முதலில் தெரியட்டும். மேக் என்றால் எனக்கு வேறு சந்தேகம். 2019இல் வந்த காட்டலினாவிலிருந்து அதில் இசட்-ஷெல்தான் இயல்பு. பாஷ் என்ற இன்னொரு ஷெல்லின் அமைப்புக் கோப்பான பாஷ்ஆர்சியில் எழுதி வைத்தால் அது படிக்காது.

மல்லிகைத்தெரு | 10.41
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். எல்லோருக்கும் உபுண்டு, பாஷ். ஒரே கணக்கு, ஒரே சாவி. எக்ஸ்போர்ட்தான். ஆஸ்கி என்று ஏதோ நீளமாகப் பிழை வருகிறது. அவர்கள் கொடுத்த வரியும் கையேட்டின் இணைப்பும் கீழே.
[மட்டுறுத்துநர்: இங்கே இருந்த சாவி நீக்கப்பட்டது.]

முனையம்_மூத்தவர் | 10.50
தம்பி, இங்கே நீக்கினால் போதாது, அதற்குள் யார் நகல் எடுத்தார்களோ. உடனே அந்தச் சாவியை ரத்து செய்துவிட்டுப் புதிதாக எடுங்கள். இந்த அடிப்படைகூடத் தெரியாமல் மற்றவர்களுக்குக் கையேடு எழுத உட்காரக் கூடாது. எக்ஸ்போர்ட் வரியில் சாவியை நேரடியாக ஒட்டச் சொல்வதே தவறு. கொடுத்த கமாண்டுகளைச் சேமித்து வைக்கும் பாஷ் ஹிஸ்டரி கோப்பில் அது அப்படியே தங்கிவிடும். ரீட் கமாண்டை எஸ் விருப்பத்தோடு (read -s, அடிப்பது திரையில் தெரியாது) கொடுத்து வாங்கி, அப்புறம் எக்ஸ்போர்ட் செய்ய வேண்டும். இதை இங்கே எத்தனை முறை எழுதிவிட்டேன்!

வைகைக்கரை | 10.58
ரத்து செய்யச் சொன்னது சரி ஐயா. ஆனால் அவர் கேட்ட கேள்விக்கு இது பதில் இல்லையே.

செம்பருத்தி | 11.05
கையேட்டைப் படித்தேன். கிரெடென்ஷியல் (சேவையை அணுகத் தரும் அடையாள விவரம்) வருகிற இடமெல்லாம் ‘நற்சான்று’ என்று போட்டிருக்கிறீர்கள். அதைப் படித்தால் நன்னடத்தைச் சான்றிதழ்தான் ஞாபகம் வருகிறது. ‘சாவி’ என்றே எழுதுங்கள்.

கருப்பட்டி | 11.09
சாவி போதாது. அமேசானின் ஏஐ சேவையான பெட்ராக்கில் வழக்கமாக அக்சஸ் கீ ஐடி, ரகசியக் கீ, ரீஜன் மூன்றும் தருகிறோம். கூகுளின் ஏஐ சேவையான வெர்டெக்ஸில் சர்வீஸ் அக்கவுன்ட்டின் (நிரல்களுக்கான கணக்கு) ஜேசான் கோப்பையே காட்டலாம். இதையெல்லாம் சாவி என்றால் படிப்பவர் ஒரே ஒரு வரியைத் தேடிக்கொண்டிருப்பார். ‘அணுகல் விவரங்கள்’ சரியாக வரும்.

செம்பருத்தி | 11.13
ஒரு பொத்தானுக்குள் அவ்வளவு நீளம் அடங்காது. கொத்துச்சாவியும் சாவிதானே?

முனையம்_மூத்தவர் | 11.16
கிரெடென்ஷியல் என்றே எழுதினால் எல்லோருக்கும் புரியும். மொழிபெயர்க்கப் போய்த்தான் குழப்பம்.

செம்பருத்தி | 11.19
புதிதாக வருகிறவருக்கு அந்தச் சொல்லே தெரியாது. அவருக்காகத்தானே இந்தக் கையேடு?

நிலாச்சோறு | 11.22
பிழையின் கடைசி வரியை முழுதாகப் போடுங்கள். அதில் ஏழாம் இடம் என்று வருகிறதா?

மல்லிகைத்தெரு | 11.30
ஆமாம். ‘யு201சி என்ற எழுத்தை மாற்ற முடியவில்லை, இடம் 7’ என்று இருக்கிறது. எப்படித் தெரிந்தது?

நிலாச்சோறு | 11.38
யு201சி என்பது வளைந்த மேற்கோள் குறி. ஆஸ்கி என்ற அடிப்படை ஆங்கில எழுத்துத் தொகுதியில் அது கிடையாது, அதனால்தான் பிழை. உங்கள் கருவி சாவியை ‘பேரர்’ (Bearer) என்ற சொல்லுக்குப் பின்னால் வைத்து அனுப்புகிறது. ஆங்கிலத்தில் அது ஆறெழுத்து, கூட ஓர் இடைவெளி. பூஜ்யத்திலிருந்து எண்ணினால் இடம் 7இல் சாவியின் முதல் எழுத்து வர வேண்டும். அங்கே மேற்கோள் குறி உட்கார்ந்திருக்கிறது. கையேட்டை ஆவணச் செயலியில் எழுதி பிடிஎஃப் ஆக்கினீர்களா? நேர்க்குறிகளை அது தானாகவே வளைத்திருக்கும். பாஷுக்கு வளைந்த குறி மேற்கோளே இல்லை, சாவியோடு சேர்த்து எடுத்துக்கொள்ளும். நீங்கள் கையால் அடித்திருப்பீர்கள், அதனால் உங்களுக்கு ஓடுகிறது. அவர்கள் கையேட்டிலிருந்து நகலெடுத்து ஒட்டியிருக்கிறார்கள். எக்ஸ்போர்ட் செய்த மாறியின் மதிப்பை, பைட்டுகளைக் காட்டும் ‘ஓடி’ (od) கமாண்டில் சி விருப்பத்தோடு (-c) பாருங்கள். தொடக்கத்தில் 342 200 234 என்று அந்த வளைந்த குறியின் பைட்டுகள் வந்தால் இதுதான். செயலியில் குறிகளைத் தானாக வளைக்கும் ஸ்மார்ட் கோட்ஸ் வசதியை அணைத்துவிட்டு, அந்த வரியில் நேர்க்குறிகளைத் திரும்ப அடியுங்கள். அப்புறம் பிடிஎஃபிலிருந்தே நகலெடுத்து நீங்களே ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

கருப்பட்டி | 11.44
அடடா, நான் பணத்தையே பிடித்துக்கொண்டிருந்தேன். அருமை.

மல்லிகைத்தெரு | மதியம் 1.35
342 200 234தான். மாற்றியாயிற்று, மூன்று பேருக்கும் ஓடுகிறது. பழைய சாவியையும் ரத்து செய்துவிட்டேன். நிலாச்சோறுக்கு மிக்க நன்றி. வகுப்புக்குப் போகிறேன்.

செம்பருத்தி | 1.52
நற்சான்றை மாற்றினீர்களா?