புதுப்பிப்பு: நைலான் அடுக்குகள் இப்போது பிரியவில்லை

எங்கள் பெங்களூரு ஆய்வகத்தில் முப்பரிமாண (3D) அச்சுப்பொறியில் அச்சிட்ட நைலான் மாதிரிகள் இழுவைச் சோதனையில் அடுக்கடுக்காகப் பிரிகின்றன, ஏன் என்று போன வாரம் கேட்டிருந்தேன். அச்சிட உருக்கும் நைலான் இழையில் ஈரம் என்று சொன்ன பீன்யா பட்டறை அண்ணனுக்கு மனமார்ந்த நன்றி. அதேதான். மழைக்காலத்தில் இழைச் சுருளைத் திறந்தே வைத்திருந்தோம். இழையை உருக்கிவிடும் முனையில் 250 டிகிரி சூட்டில் அந்த ஈரம் ஆவியாகிப் படபடவென்று பொரியும், இழையில் குமிழ் விழும்.

80 டிகிரியில் 12 மணி நேரம் உலர்த்தினோம். சத்தம் நின்றது.

அப்புறம் அச்சிட்ட அடுக்கைக் குளிர்விக்கும் விசிறியையும் அணைத்தோம். எனக்கு இதுதான் பெரிய பாடம்: புது அடுக்கின் சூட்டில் கீழ் அடுக்கும் இளகி, பாலிமர் சங்கிலிகள் (நைலானின் நீண்ட மூலக்கூறுகள்) ஒன்றோடொன்று பின்னிக்கொள்ள நேரம் வேண்டும். சீக்கிரம் குளிர்ந்தால் ஒட்டுமே தவிரப் பிணையாது. செங்குத்தாக அச்சிட்டவை இன்னும் கொஞ்சம் பலவீனம்தான். அடுத்து, சூடு தங்கும்படி மூடிய அறைக்குள் அச்சிட்டுப் பார்க்கிறோம்.