எலும்புச் சாம்பலில் 234/238 விகிதம் 1.5: செறிவூட்டிய யுரேனியமா?

கேள்வி: சாம்பல்கிண்ணம்

வணக்கம். 5 கிராம் மனித எலும்புச் சாம்பலைக் கரைத்து, யுரேனியம்-232 ட்ரேசர் (அளவு தெரிந்து சேர்க்கும் அடையாள ஐசோடோப்பு) சேர்த்து, ரெசினில் (யுரேனியத்தைப் பிடித்துவைக்கும் பிசின்) பிரித்து, ஆல்ஃபா ஸ்பெக்ட்ரோமீட்டரில் (சிதைவில் வரும் ஆல்ஃபா துகள்களை ஆற்றல் வாரியாக எண்ணும் கருவி) இரண்டு வாரம் வைத்தேன். யுரேனியத்தின் ஐசோடோப்புகளில் 238-க்கு 41 கவுன்ட் (எண்ணப்பட்ட சிதைவுகள்), 234-க்கு 61, 235-க்கு வெறும் 2. அப்படியானால் 234/238 ஆக்டிவிட்டி (சிதைவு வேக) விகிதம் 1.5. இயற்கை யுரேனியத்தில் அது 1 இருக்க வேண்டாமா? உடன் வேலை செய்பவர் செறிவூட்டிய யுரேனியம்தான் (235-இன் பங்கைக் கூட்டியது, கூடவே 234-உம் ஏறும்) என்று முடிவே கட்டிவிட்டார். அறிக்கையில் என்ன எழுதுவது?

பதில்: அரைஆயுள்

அவரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். 1 என்பது மூடிக்கிடக்கும் பழம்பாறைக்குச் சரி. நிலத்தடி நீரில் 234 கூடுதலாக இருப்பது சர்வசாதாரணம். 238 சிதையும்போது ஏற்படும் உதைப்பில் கனிமத்தின் படிக அமைப்பு குலைகிறது, அங்கே பிறக்கும் 234 எளிதாக நீரில் கரைந்துவிடுகிறது. அந்த நீரைக் குடிப்பவர் எலும்பிலும் அதே விகிதம் படியும். அணுஉலை எரிபொருள் அளவுக்கு, 3-4% செறிவூட்டியது என்றால் இந்த விகிதம் 4-ஐயே தாண்டியிருக்கும்.

அப்புறம், 41-ம் 61-ம் வைத்துக் கணக்குப் போட்டால் 1.5-க்குப் பிழை ±0.3. விகிதம் 1-ஐ விட்டு அதிக தூரம் போய்விடவில்லை.

235-இன் 2 கவுன்ட்டை மறந்துவிடுங்கள். இயற்கை யுரேனியத்தில் 41-க்கு எதிரே எதிர்பார்ப்பதும் ஏறக்குறைய 2தான், ஆனால் 2-ஐ வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. 1 நானோகிராம் 238 ஒரு நாளைக்குச் சராசரியாக ஒரே ஒரு ஆல்ஃபாதான் தரும். அதே நானோகிராமில் சுமார் 2.5 லட்சம் கோடி அணுக்கள் இருக்கின்றன. சிதைவுக்குக் காத்திருக்காமல் அணுக்களையே எண்ணுங்கள்: மல்டி கலெக்டர் ஐசிபி-மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி (அணுக்களை நிறை வாரியாகப் பிரித்து அளக்கும் முறை). 238/235 அணு விகிதம் 137.8-க்குப் பக்கத்தில் வந்தால் இயற்கை. நன்றாகக் குறைந்தால் செறிவூட்டல், 500-ஐ ஒட்டி ஏறினால் குறைசெறிவு யுரேனியம் (235-இன் பங்கு குறைக்கப்பட்டது).

பதில்: டெஃப்லான்

மேலே சொன்னதோடு ஒன்று. மீதிச் சாம்பலில் செய்யும்போது விகிதம் பார்க்கும் பகுதியில் எந்த ட்ரேசரும் வேண்டாம். அளவு பார்க்கும் பகுதியில் மட்டும் 233 போடுங்கள். எலும்பு என்பதால் பாஸ்பேட் யுரேனியத்தைப் பிடித்துக்கொண்டு ரெசினில் தங்க விடாது. அலுமினியம் நைட்ரேட் சேர்த்தால் சரியாகும். கண்ணாடிப் பாத்திரம் கூடவே கூடாது, கண்ணாடியிலேயே யுரேனியம் உண்டு.

சாம்பல்கிண்ணம்

நன்றி. யுரேனியம்-236-ஐயும் பார்க்கலாமா? பிளாங்க் (சாம்பல் இல்லாமல் அதே வேலையைச் செய்த வெற்றுச் சோதனை) ஓட்டியிருக்கிறேன், அதில் 238-க்கு 6 கவுன்ட்.

பதில்: அரைஆயுள்

6 கவுன்ட்டா! 41-இல் ஏழில் ஒரு பங்கு அமிலத்திலிருந்தும் பாத்திரத்திலிருந்தும் வந்திருக்கிறது. முதலில் அதைக் குறையுங்கள். பிளாங்கின் 234-ஐயும் கழித்த பிறகுதான் விகிதத்தைப் பற்றிப் பேச முடியும்.

236 இருந்தால் அது உலையில் இருந்த யுரேனியத்துக்கு நல்ல அடையாளம், இயற்கையில் அது கிட்டத்தட்ட இல்லை. ஆனால் 235-உடன் ஒரு ஹைட்ரஜன் ஒட்டினாலும் நிறை 236 என்றே தெரியும், பக்கத்து 238-இன் வாலும் அங்கே நீளும். திசுவில் இருக்கும் அளவுக்கு அதை நம்பிச் சொல்ல ஆக்சிலரேட்டர் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி (துகள் முடுக்கியைக் கொண்டு நிறை பிரித்து எண்ணும் முறை) வேண்டும். இப்போதைக்கு அறிக்கையில் "234/238 = 1.5 ± 0.3, பிளாங்க் கழிக்கப்படவில்லை, 235 பற்றி முடிவு சொல்ல இயலாது" என்று எழுதுங்கள்.