அஸ்திவாரக் குழியில் அகப்பட்ட அரைக் கிணறு

கும்பகோணத்திலிருந்து:

பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டிக்கொண்டிருக்கிறோம். கொல்லைப் பக்கத்தில் காலம் (கான்கிரீட் தூண்) குழி எடுக்கும்போது நாலடி ஆழத்தில் ஜேசிபி பக்கெட் ஏதோ கல்லில் மோதியது. பழைய அஸ்திவாரக் கல்லாக இருக்கும் என்று ஆபரேட்டர் இன்னொரு தட்டு தட்டினார். கல்லின் ஓரம் உடைந்து உள்ளே போனது. ஒரு நொடி கழித்துத் தண்ணீரில் விழுந்த சத்தம் கேட்டது. அவர் பேசாமல் வண்டியைப் பின்னால் எடுத்துத் தெருவில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார். ஏழெட்டு டன் வண்டி, கீழே வெற்றிடம். அவர் செய்ததுதான் சரி.

கடப்பாரை போட்டுப் பலகைக் கல்லை நகர்த்திப் பார்த்தால் கிணறு. அதுவும் அரை வட்டம்தான். மறுபாதி பக்கத்து வீட்டுச் சுவருக்கு அடியில் போகிறது. சென்னைப் பக்கத்து நண்பர்களுக்கு இது விசித்திரமாக இருக்கலாம். எங்கள் ஊரில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள் உள்ள தெருக்களில் இது உண்டு. இரண்டு கொல்லைக்கும் நடுவில் ஒரே கிணறு வெட்டி, அதன் குறுக்கே கல் உத்தரம் போட்டு, மேலே எல்லைச் சுவரை எழுப்பிவிடுவார்கள். இந்தப் பக்கம் ஒரு ராட்டினம், அந்தப் பக்கம் ஒரு ராட்டினம். வெட்டுக்கூலியும் பாதி, தண்ணீரும் பாதி.

பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் போய், "பாட்டி, உங்க பக்கம் கிணத்தை எப்ப மூடினீங்க?" என்று கேட்டேன். "மூடினோம்னு யாரு சொன்னா? என் அடுப்படிக்குக் கீழ அப்படியேதான் இருக்கு தம்பி. மேல சிலாப் போட்டுத் தரை பூசினோம், அவ்வளவுதான்" என்றார். அவர் மருமகளுக்கு அன்றுதான் விஷயம் தெரியும். அன்றைக்கு அந்த வீட்டில் சமையல் நடந்ததா என்று நான் விசாரிக்கவில்லை.

நாங்கள் வாங்கிய கிரயப் பத்திரத்தில் கிணறு என்ற பேச்சே இல்லை. மூலப் பத்திரத்தை எடுத்துப் படித்தபோதுதான் "கொல்லைக் கிணற்றில் சரிபாதி பாத்தியம்" என்ற வரி கிடைத்தது. நடுவில் கைமாறிய ஏதோ ஒரு பத்திரத்தில் அதை விட்டுவிட்டிருக்கிறார்கள். பட்டா, வில்லங்கம் இரண்டும் சுத்தம் என்று திருப்திப்படுகிறவர்கள், இடிப்பதற்கு முன் மூலப் பத்திரத்தின் சொத்து விவரத்தை ஒரு முறை நிதானமாகப் படியுங்கள்.

இனி கட்டுமானப் பக்கம். மேஸ்திரிக்கு ஒரே யோசனைதான்: இடித்த செங்கல், காரை எல்லாம் மலையாகக் கிடக்கிறது, கிணற்றில் தள்ளினால் லாரி வாடகை மிச்சம். எங்கள் இன்ஜினியர் அதைக் கேட்டதும் கையெடுத்துக் கும்பிட்டார். கட்டிடக் கழிவு ஒன்றன்மேல் ஒன்று முட்டுக் கொடுத்து நிற்கும், நடுவில் இடைவெளி இருந்துகொண்டே இருக்கும். ஐப்பசி கார்த்திகை மழையில் நீர்மட்டம் ஏறி, கோடையில் இறங்கும். ஒவ்வொரு முறையும் உள்ளே கொஞ்சம் கொஞ்சமாக அமுங்கும். பத்து வருஷம் கழித்துச் சுவரில் விரிசல் வரும்போது யாருக்கும் கிணறு நினைவிருக்காது.

சரி, மோட்டார் போட்டு நீரை இறைத்துவிட்டு அடியிலிருந்து கான்கிரீட் போடலாமா என்று கேட்டேன். அதற்கும் தலையாட்டிவிட்டார், வேண்டாம் என்று. காவிரிக் கரை ஊர் இது, கீழே மணல். வேகமாக இறைத்தால் கிணற்றைச் சுற்றியுள்ள மெல்லிய மணலும் தண்ணீரோடு சேர்ந்து உள்ளே வரும். வெளியே போவது எங்கள் வீட்டு மணல் மட்டுமில்லை, பாட்டி வீட்டு அடுப்படியைத் தாங்குகிற மணலும்தான். கிணற்றுச் சுவரோ சுண்ணாம்புக் காரையில் கட்டிய பழைய செங்கல். உள்ளே நிற்கும் தண்ணீரும் அதற்கு ஒரு முட்டு.

கடைசியில் அந்தத் தூணையே இடம் மாற்றினோம். கிணற்று விளிம்பிலிருந்து நன்றாகத் தள்ளி இரண்டு பக்கமும் தூண், நடுவில் கனமான பீம். கிணற்றின் மேல் ஒரு கிலோ எடைகூட இறங்காது. கம்பி, கான்கிரீட் செலவு கூடியது. வரைபடத்தில் ஒரு குளியலறை சுருங்கியது. செப்டிக் டேங்க் கிணற்றுக்குப் பக்கத்தில் வருவதாக இருந்தது, அதை வாசல் பக்கம் கொண்டுபோனோம்.

இரண்டாவது நாளே தெருவில் புதையல் பேச்சு ஆரம்பித்துவிட்டது. பழைய பத்திரங்களில் நிதி, நிட்சேபம், ஜலம், தரு, பாஷாணம் (புதையல், புதைத்து வைத்த பொருள், நீர், மரம், கல்) என்று அடுக்கி எல்லாம் உனக்கே என்று எழுதியிருப்பார்கள். ஆனால் 1878ஆம் வருஷத்துப் புதையல் சட்டம் இன்னும் இருக்கிறது. மண்ணுக்குள் மறைந்து கிடந்து அகப்படும் பொருளின் மதிப்பு 10 ரூபாய்க்கு மேல் போனாலே கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். எங்களுக்கு அந்தச் சிரமம் வரவில்லை. பாட்டி வீட்டுப் பரணிலிருந்து பாதாளக் கரண்டியை (கிணற்றில் விழுந்ததைக் கொக்கியில் மாட்டி எடுக்கும் கருவி) இரவல் வாங்கிப் போட்டுத் துழாவியதில் ஒரு துருப்பிடித்த வாளி, நசுங்கிய பித்தளைச் செம்பு. செம்பைப் பார்த்ததும் பாட்டி "இது எங்களுது" என்று வாங்கிக்கொண்டார். அடையாளம் என்ன என்று கேட்கும் தைரியம் எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை.

இதில் நான் கோபப்பட்டது ஒரே இடத்தில்தான். சித்தாள் பையன் ஒருவன் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்கத் தயாராக நின்றான். பல வருஷம் மூடிக் கிடந்த கிணற்றில் பிராணவாயு போதாமல் இருக்கலாம். கரியமில வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், அடியில் தேங்கி நிற்கும். சேறு அழுகியிருந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடும் சேரும். அது அதிகமானால் மூக்கு மரத்துப்போய் வாசனைகூடத் தெரியாது. விளக்கை இறக்கி அணைகிறதா பார்ப்போம் என்றார் மேஸ்திரி. மீத்தேன் இருந்தால் அந்த விளக்கே வினை, தவிர விஷவாயு இருந்தாலும் விளக்கு எரியும். கிணற்றில் இறங்கியவர் மயங்கினார், காப்பாற்ற இறங்கியவரும் போனார் என்று எத்தனை செய்தி படித்திருக்கிறோம்!

வாஸ்து பற்றி நாலு பேர் சொன்னார்கள். கிணறு ஈசானிய (வடகிழக்கு) மூலையில்தான் இருக்க வேண்டுமாம். இரண்டு வீட்டுக்கும் பொதுவான கிணறு எப்படி இரண்டு வீட்டுக்கும் ஒரே மூலையில் இருக்கும் என்று கேட்டேன். பதில் வரவில்லை.

சென்னை நங்கநல்லூரிலிருந்து:

எங்களுடையது இவ்வளவு கௌரவமான கிணறு இல்லை. கார் நிறுத்தும் இடத்தில் தரையைப் பெயர்த்தபோது சிமெண்ட் உறை (கிணற்று வளையம்) தெரிந்தது. மூடியைத் திறந்ததுமே நாற்றம். முன்பு இருந்தவர்கள் கிணறு வற்றிய பிறகு செப்டிக் டேங்கின் வழிந்தோடும் குழாயை இதற்குள் விட்டிருக்கிறார்கள். பக்கத்து வீட்டு போர்வெல் தண்ணீர் ஏன் மஞ்சளாக வந்தது என்பதற்கு அன்றைக்குக் காரணம் கிடைத்தது. முதலில் குழாயை அடைத்தோம். கழிவுநீர் லாரி வைத்து மேலிருந்தே உறிஞ்சி எடுத்தோம், யாரையும் இறக்கவில்லை. பிறகு ஒரு அடி மணல், அதன்மேல் தண்ணீர், அது அமுங்கியதும் அடுத்த அடி. அவசரப்பட்டு உடனே டைல்ஸ் ஒட்டாதீர்கள். ஒரு மழைக்காலம் போனதும் எங்களுக்கு அரையடி இறங்கியது, மறுபடி நிரப்பினோம்.

நல்ல நிலையில் கிணறு கிடைத்தவர்களைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது. 2019 கோடையில் எங்கள் தெருவே லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றது.

மானாமதுரையிலிருந்து:

எங்களுக்கு அகப்பட்டது சுடுமண் உறை. கீழடி பக்கத்தில்தானே இருக்கிறது, அங்கே அடுக்கடுக்கான உறைகிணறு எடுத்த படங்களை எல்லோரும் பார்த்திருக்கிறோம். எங்கள் மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை, சங்ககாலம் என்று அறிவித்தேவிட்டார். வேலையை நிறுத்தி விஏஓவிடம் (கிராம நிர்வாக அலுவலர்) சொன்னோம். அதற்குள் மண்பாண்டம் செய்யும் பெரியவர் ஒருவர் வந்து உறையைத் தட்டிப் பார்த்து, "எங்க தாத்தா காலத்துச் சூளை மாதிரி இருக்கு" என்றார். அடுத்த உறையின் பின்னால் ஆங்கில எழுத்து முத்திரை உள்ள செங்கல் சொருகியிருந்ததைக் கண்டதும் மாமா சாப்பிடப் போய்விட்டார். இருந்தாலும் சொன்னதில் தவறில்லை என்றுதான் நினைக்கிறேன். பொக்லைன் ஒருமுறை வாரிவிட்டால் பழசா புதுசா என்று பார்க்க எதுவும் மிஞ்சாது.

கும்பகோணத்துக்காரருக்கு ஒரு கேள்வி: மூடினால் மூச்சுக் குழாய் விட வேண்டும் என்கிறார்களே, விட்டீர்களா?

கும்பகோணத்திலிருந்து:

நாங்கள் மூடவில்லை. எங்கள் பாதியைச் சுவர் எடுத்துத் தரைக்கு மேல் உயர்த்தி, இரும்பு வலை போட்டுப் பூட்டியிருக்கிறோம். மொட்டை மாடித் தண்ணீர் ஜல்லி, கரி, மணல் போட்ட தொட்டி வழியாக அதில் இறங்கும். ஆயிரம் சதுர அடி மாடியில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் சுமார் 900 லிட்டர். மழைநீர் சேகரிப்பு 2003லிருந்தே கட்டாயம், அதற்குத் தனியாகக் குழி வெட்டும் செலவு இல்லாமல் போனது. முதல் மழைத் தண்ணீரை மட்டும் வெளியே திருப்ப ஒரு வால்வு இருக்கிறது. குளியலறைத் தண்ணீர் எதுவும் இதில் சேராது.

மூடுகிறவர்கள் குழாய் விடுவது நல்லதுதான் என்றார் இன்ஜினியர். உள்ளே வாயு சேர்ந்தால் வெளியேற வழி இருக்கும். பூச்சி போகாமல் குழாயின் வாயில் வலை கட்டுங்கள்.

இப்போது பாக்கி இருப்பது பாட்டி வீட்டோடு ஒப்பந்தம். இரண்டு வீட்டாரும் ஒருவரைக் கேட்காமல் ஒருவர் மூடக்கூடாது, பெரிய மோட்டார் வைக்கக்கூடாது என்று எழுதிக்கொள்ளப் போகிறோம். வெறும் கையெழுத்து போதுமா, பதிவு செய்ய வேண்டுமா என்று வக்கீலைக் கேட்டிருக்கிறேன்.