மறு: கடல் நீச்சல் கையேடு – மனத்திட்பமா, ஓர்மமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. நெடுந்தூரம் கடலில் நீந்துகிறவர் மனம் தளராமல் நிற்பதற்குக் கையேட்டில் என்ன சொல் வைக்கலாம் என்று கேட்டிருந்தேன். மனவுறுதி, மனத்திட்பம், ஓர்மம் என்று பல சொற்கள் வந்தன. மூன்று நாளில் வந்த 40 மடல்களையும் படித்துவிட்டேன். சிலவற்றின் வரிகளும் என் பதிலும் கீழே. இவ்வளவு நேரம் கொடுத்ததற்கு நன்றி.

> மனவலிமை என்றே போடுங்கள். எல்லோருக்கும் புரியும்.

புரியும். ஆனால் அது பிறவியிலேயே சிலருக்கு வாய்ப்பது என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்கிறார்கள். நான் சொல்ல வருவது பழகிப் பெறுவதை. பாக் நீரிணையில் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குக் கிட்டத்தட்ட 30 கிலோமீட்டர். அதை மொத்தமாக நினைத்தால் பாதியிலேயே கை ஓய்ந்துவிடும். அரைமணிக்கு ஒருமுறை படகிலிருந்து நீளும் கஞ்சிக் குவளை வரைக்கும் மட்டும் நினைத்தால் ஓயாது. படகைக் கையால் தொட்டால் கடந்ததாகக் கணக்கில்லை. ஒரு முழம் தள்ளி அது கூடவே வரும்போதும் தொடாமல் இருக்கப் பழக வேண்டும். அப்புறம், உடம்பு விறைத்துப் பேச்சுக் குழறினால் ஏறிவிட வேண்டும். அந்த முடிவை எடுப்பதும் இதில்தான் சேர்த்தி. வீம்பு வேறு.

> 'வினைத்திட்பம் என்பது ஒருவன் மனத்திட்பம்' (குறள் 661). வள்ளுவர் தந்த சொல் இருக்க வேறெதற்கு? திடம் வடசொல், திட்பம் நம் சொல். நுண் நுட்பமானது போலத் திண் திட்பமானது.

என் மனமும் இதில்தான் நின்றது. செயலையும் மனத்தையும் சேர்த்துக் கட்டிய சொல், பயிற்சிக்கு இதைவிடப் பொருத்தம் கிடையாது. ஒண்–ஒட்பம், தண்–தட்பம் என்று அதற்குப்பின் ஓடிய 11 மடல்களையும் ஆசையோடு படித்தேன். நேற்று மண்டபம் கரையில் பிள்ளைகளிடம் சொல்லிப் பார்த்தேன். சொறிமீன் (ஜெல்லிமீன்) பட்டுத் தோளில் சிவப்புக் கோடுகள் தடித்திருக்க, துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்த பெண் கேட்டாள்: "திட்பம்னா தட்பவெப்பம் மாதிரியா சார்?" விளக்கினேன். "ஓ, தாக்குப்பிடிக்கிறதா? அப்படியே எழுதிடுங்களேன்" என்றாள்.

> தாக்குப்பிடிப்பு பேச்சு வழக்கு. கலைச்சொல் ஆகாது.

இதை நான் ஏற்கவில்லை. பேச்சில் புழங்குவது ஒரு சொல்லுக்குக் குற்றமா? எனக்குள்ள தடை வேறு. உடம்பின் தாங்குதிறனுக்கும் நாம் அதையேதான் சொல்கிறோம். கையேட்டில் இரண்டும் தனித்தனி அதிகாரம்.

> நோன்திறன்! 'உற்றநோய் நோன்றல்' என்பதில் பொறுத்தல். திருமுருகாற்றுப்படையின் 'மதனுடை நோன்தாள்' என்பதில் வலிமை. இரண்டும் ஒரே சொல்லில்.

அழகான சொல், ஐயா. முருகன் தாளுக்குச் சொன்னது நீந்துகிறவன் காலுக்கும் பொருந்தும். ஆனால் நோன் என்றதும் நோன்புதான் நினைவுக்கு வரும். பட்டினியோடு கடலில் இறங்கச் சொல்கிறேன் என்று ஒரு பிள்ளை நினைத்துவிட்டால்கூட ஆபத்து.

> எங்கள் யாழ்ப்பாணத்தில் இதற்கு ஓர்மம் என்பம். 1971இல் வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன் 51 மணித்தியாலத்தில் உங்கள் கரைக்கு நீந்தித் திரும்பியும் வந்தாரே, அது வேறு என்ன? உங்களுக்குத் தெரியாத சொல் என்றால் இல்லாத சொல்லா?

இந்த மடலை மூன்று முறை படித்தேன் அண்ணா. நியாயம் உங்கள் பக்கம். இந்த நீரிணையைப் பற்றிய கையேட்டில் அக்கரைச் சொல்லுக்கு இடமில்லை என்பது எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஆனால் இங்குள்ள பயிற்சியாளர்கள் அதைக் கேட்டதில்லை. புதுச்சொல் என்றே ஒதுக்குவார்கள் என்று பயப்படுகிறேன்.

சரி, எண்ணிப் பார்த்ததில் மனவுறுதிக்கு 14 பேர், மனத்திட்பத்துக்கு 9, ஓர்மத்துக்கு 3. மனவுறுதிதான் முதல் விருப்பம் என்று அந்த 14 பேரில் யாரும் எழுதவில்லை. "போதும், இதையே வையுங்கள்" என்றே பலரும் எழுதியிருந்தீர்கள். உள்ளே மனவுறுதி என்று வைக்கிறேன். அதிகாரத் தலைப்பில் மட்டும் மனத்திட்பம், கீழே குறளோடு. ஓர்மத்தை முன்னுரையில் ஆனந்தனைப் பற்றிய பத்தியில் எழுதியிருக்கிறேன். இது போதாது என்று யாழ்ப்பாணத்து அண்ணன் காலையிலேயே எழுதிவிட்டார். அவர் மறுப்பு அப்படியே நிற்கட்டும். அடுத்த பதிப்பில் மறுபடி எடுப்போம்.

இன்னொன்று: படகிலிருந்து குவளையை நீட்டும் நீளக் கம்புக்கு ஊட்டுக்கோல் என்று போட்டிருக்கிறேன். வேறு சொல் இருந்தால் வியாழன் இரவுக்குள் எழுதுங்கள்.