மறுமொழி: வெளியில் வைக்கும் நெட்வொர்க் பெட்டிக்குத் தமிழ்ப் பெயர்

நண்பர்களுக்கு வணக்கம்.

வெளியில் வைக்கும் நெட்வொர்க் பெட்டிக்கு இங்கே முன்மொழியப்பட்ட 'வானிலைகாப்புப் பேழை' என்ற பெயரை ஏற்க எனக்குத் தயக்கமாக இருக்கிறது. பேழை அழகான சொல்தான். ஆனால் கம்பத்தில் மாட்டி, உள்ளே நெட்வொர்க் ஸ்விட்சும் (பல கேபிள்களை ஒன்றோடொன்று இணைக்கும் கருவி) பேட்டரியும் வைத்துப் பூட்டுகிற தகரப் பெட்டியை மதுரையில் யாரும் அப்படிக் கூப்பிட மாட்டார்கள். பீஸ் பெட்டி, கல்லாப்பெட்டி என்று 'பெட்டி' ஏற்கெனவே எல்லார் வாயிலும் இருக்கிறது. 'பெட்டகம்' என்றால் வங்கி லாக்கர்தான் நினைவுக்கு வரும்.

அதைவிடப் பெரிய சிக்கல் 'வானிலைகாப்பு'. இந்தப் பெட்டிகளில் ஐபி 55, ஐபி 65 என்று போட்டிருக்கும். இது இணைய முகவரி ஐபி அல்ல, தூசும் தண்ணீரும் புகாமல் பெட்டி எவ்வளவு காக்கும் என்பதற்கான எண். ஐஇசி 60529 என்ற சர்வதேசத் தரப்படி முதல் இலக்கம் தூசுக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. தூசுக்கு 5 என்றால் கொஞ்சம் புகலாம், கருவியின் வேலை கெடாது. 6 என்றால் புகவே புகாது. வெயிலைப் பற்றி அந்த எண் ஒன்றுமே சொல்வதில்லை. மேலூர்ப் பக்கம் சித்திரை மாத மத்தியானத்தில் ஐபி 65 பெட்டி ஒன்றைத் திறந்து பாருங்கள். உள்ளே தூசு இருக்காது, ஆனால் அனல் முகத்தில் அடிக்கும். ஸ்விட்ச் சூடு தாங்காமல் அணைந்து அணைந்து எழும். சரி என்று விசிறி வைத்த பெட்டியை வாங்கினால், கல் அறுக்கும் பட்டறைத் தூசு வடிகட்டியில் சாம்பல் நிறத்தில் அப்பிக் காற்றையே அடைத்துவிடும். இறுக மூடினால் சூடு, வழிவிட்டால் தூசு. பெட்டி தேர்ந்தெடுப்பதில் முழுப் போராட்டமும் இதுதான். பெயரிலேயே 'வானிலைகாப்பு' இருந்தால், வெயிலையும் பெட்டியே பார்த்துக்கொள்ளும் என்று வாங்குகிறவர் நம்பிவிடுவார்.

ஆகவே என் பரிந்துரை 'வெளிநிலைப் பெட்டி'. எங்கே நிற்கிறது என்பதை மட்டும் பெயர் சொல்லட்டும். எவ்வளவு தாங்கும் என்பதற்குத் தனியாகக் 'காப்பு எண்' (அந்த ஐபி எண்தான்) இருக்கட்டும். கொள்முதல் குறிப்பில் 'காப்பு எண் 55, இரட்டைச் சுவர், மேலே வெயில் தகடு உள்ள வெளிநிலைப் பெட்டி' என்று எழுதினால் கடைக்காரருக்கும் புரியும், வேலை பார்க்கும் தம்பிக்கும் புரியும். 'திறந்தவெளிப் பெட்டி' வேண்டாம். கதவில்லாத பெட்டி என்று படிக்க இடமிருக்கிறது.

கேபிள் நுழையும் துளையில் கேபிளை இறுக்கிப் பிடிக்கும் கிளாண்டுக்கு 'வடக்கழுத்து' (வடம் என்றால் கேபிள்) என்று யோசித்தேன். ஆனால் 'வடக்கு' என்று காதில் விழுகிறது. மழை நீர் இறங்காமலிருக்க அதைப் பெட்டியின் அடிப்பக்கம் வைக்க வேண்டும். பெயரைக் கேட்டுத் திசை தேடினால் வேலை கெட்டுவிடும். நல்ல சொல் கிடைக்கும்வரை கிளாண்ட் என்றே எழுதலாம் என்பது என் கருத்து.